இதயமும் சிறுநீரகமும் சேர்ந்து சோர்ந்த எலிக்கு மருந்து: புதிதாக ஆய்வு தொடங்குபவர்களுக்கு

பாளையங்கோட்டைப் பக்கம் எம்.ஃபார்ம் தீசிஸுக்கோ முனைவர் பட்டத்துக்கோ பதிவு செய்துவிட்டு, "இதயமும் கிட்னியும் சேர்ந்து பழுதான மாடல்ல ஒரு மருந்தைப் பார்க்கணும்" என்று வரும் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை எலி வேணும் சார்?" என்பதுதான். (மாடல் என்றால் மனித நோயைப் போன்ற ஒன்றைச் செயற்கையாக உண்டாக்கிய எலி.) அது நாலாவது கேள்வி. அதற்கு முன் மூன்று இருக்கின்றன. எந்த உறுப்பு முதலில் விழுகிறது? நோயாளி எந்தக் கட்டத்தில் டாக்டரிடம் வருவார்? ஏற்கெனவே அவர் என்ன மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பார்? இந்த மூன்றுக்கும் ஒரு தாளில் பதில் எழுதி, சுவரில் ஒட்டிவிட்டு அப்புறம் எலியைப் பற்றிப் பேசலாம்.

எது முதலில் விழுந்தது

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். மேலே கோடைமேலழகியானில் தண்ணீர் குறைந்தால் கீழே மருதூர், ஸ்ரீவைகுண்டம் வாய்க்கால்கள் காயும். கீழே வடிகால் அடைத்துக்கொண்டாலோ மேலே வயல் முழுகும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள உறவு கிட்டத்தட்ட இதுதான். இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. இதயம் சோர்ந்தால் வரத்து குறைகிறது. அது மட்டுமல்ல, சிரைகளில் ரத்தம் தேங்கி, சிறுநீரகம் பின்பக்கமாகவும் அழுத்தப்படுகிறது. வரத்து குறைந்துவிட்டதே என்று சிறுநீரகம் ரெனினைச் சுரந்து உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. அந்த நீர் மறுபடி இதயத்தின் தலையில்தான் ஏறுகிறது. எதிர்த்திசையிலும் இதே கதை: சிறுநீரகம் கெட்டால் ரத்த அழுத்தம் ஏறும், ரத்தசோகை வரும், கழிவுகள் தேங்கும், இதயத் தசை தடித்து அதில் நார்த்திசு படியும்.

இத்தாலியைச் சேர்ந்த ரோன்கோவும் சகாக்களும் 2008இல் இதை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். முதல் வகையில் இதயம் திடீரென்று விழுந்து சிறுநீரகத்தை இழுக்கிறது. இரண்டாம் வகையில் இதயம் நாள்பட்டு, மெல்ல. மூன்றும் நான்கும் இதையே திருப்பிப் போட்டவை, சிறுநீரகம் முதலில் திடீரென்று அல்லது நாள்பட்டு. ஐந்தாவதில் சர்க்கரை நோய், செப்சிஸ் போன்ற வேறொன்று இரண்டையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது. உங்கள் சினாப்சிஸின் முதல் பத்தியில் இதில் எந்த வகை என்று எழுத முடியாவிட்டால், ஆய்வு இன்னும் தொடங்கவில்லை என்று அர்த்தம்.

மாடலைத் தேர்ந்தெடுப்பது

நம்ம பக்கத்துக் கல்லூரிகளில் எல்லோர் கைக்கும் பழகியது ஐசோபுரோடெரினால். கிலோவுக்கு 85 மி.கி., 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி, தோலுக்கடியில். இதயத் தசை செத்துப்போகிறது, என்சைம்கள் ஏறுகின்றன, தீசிஸ் முடிகிறது. நமது தலைப்புக்கு இது போதாது. இரண்டு நாளில் வந்த காயம் அது. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பை அது தராது. இதை வைத்துக்கொண்டு "கார்டியோரீனல்" என்று தலைப்புப் போட்டால் தேர்வாளர் முதல் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார்.

நாள்பட்ட சிறுநீரகப் பழுது இதயத்தை இழுக்கும் நான்காம் வகைக்குப் பழைய, நம்பகமான வழி 5/6 நெஃப்ரெக்டமி. ஒரு சிறுநீரகத்தை முழுவதும் எடுத்து, மற்றதில் மூன்றில் இரண்டு பங்கையும் நீக்குவது. பொதுவாக இரண்டு தவணையாகச் செய்வார்கள்: முதலில் இடது சிறுநீரகத்தின் மேல், கீழ் முனைகள், ஒரு வாரம் கழித்து வலது முழுவதும். முனைகளை வெட்டி எடுப்பதற்குப் பதில் ரத்தக்குழாய்க் கிளைகளைக் கட்டிவிடும் முறையும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல என்பதைப் பல பேர் கவனிப்பதில்லை. கட்டினால் ரத்த அழுத்தம் நன்றாக ஏறும், வெட்டினால் அவ்வளவு ஏறாது. அழுத்தம் வழியாக வேலை செய்யும் மருந்து என்றால் இந்த ஒரு வித்தியாசமே உங்கள் முடிவைத் தலைகீழாக்கும். எந்த முறை என்றாலும் அட்ரினல் சுரப்பியைச் சேர்த்து இழுத்துவிடாதீர்கள். கொழுப்போடு ஒட்டிக்கொண்டு வரும், அவசரக் கைக்குத் தெரியாது.

எலி என்று நான் சொல்வது ஸ்ப்ரேக் டாலி, விஸ்டார் போன்ற பெரிய எலிகளை. சுண்டெலியில் செய்யப் போகிறீர்கள் என்றால் இனத்தைப் பாருங்கள். எல்லா இடத்திலும் கிடைக்கும் சி57 பிளாக் 6 சுண்டெலி இந்த அறுவைக்கு அசைந்து கொடுக்காது. 5/6 போனாலும் பெரிய தழும்பு இல்லாமல் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

அறுவை அரங்கு வசதி இல்லாத இடத்துக்கு அடினின் தீவனம் இருக்கிறது. எலிக்கு 0.75% அடினின் கலந்த தீவனம் நான்கு வாரம் கொடுத்தால், அது படிகமாகி நுண்குழாய்களில் படிந்து சிறுநீரகம் கெடுகிறது. கத்தி வேண்டாம், தையல் வேண்டாம். ஆனால் எலிக்கு அந்தத் தீவனம் பிடிக்காது, மெலிந்துபோகும். அப்புறம் நீங்கள் பார்ப்பது சிறுநீரக நோயா பட்டினியா என்று தெரியாமல் போகும். அதனால் நோய்க்குழு சாப்பிடும் அளவே சாதாரணத் தீவனம் கொடுக்கப்பட்ட இன்னொரு குழு தேவை.

இதயம் முதலில் விழ வேண்டுமென்றால் இடது முன்புறக் கரோனரி தமனியைக் கட்டுவது. மார்பைத் திறக்க வேண்டும், செயற்கைச் சுவாசக் கருவி வேண்டும், முதல் 24 மணி நேரத்தில் கணிசமான இழப்பு இருக்கும். பிழைத்தவற்றிலும் காயத்தின் அளவு ஒன்றுக்கொன்று மாறும். இதோடு ஒரு சிறுநீரகத்தையோ, ஐந்தில் ஆறு... மன்னிக்கவும், ஆறில் ஐந்து பங்கையோ எடுத்தால் உண்மையான இரட்டைச் செயலிழப்பு கிடைக்கும். இந்தத் தடுமாற்றம் எனக்கு இன்றும் வகுப்பில் வரும். படிவத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உப்புக்குச் சுருக்கென்று எகிறும் டால் எலிக்கு 8% உப்புத் தீவனம் கொடுத்தால் இரண்டு உறுப்பும் தானாகவே கெடும், அருமையான மாடல், வாங்குவதுதான் பாடு. டாக்சோரூபிசின் ஊசி, மொத்தம் கிலோவுக்கு 15 மி.கி. வரை பல தவணையாக, இரண்டு உறுப்பையும் ஒரே விஷத்தால் அடிக்கும். அது ஐந்தாம் வகைக்குச் சொந்தக்காரன். இதய நோயாளியின் சிறுநீரகத்தைப் பற்றி அதை வைத்து அதிகம் பேச முடியாது.

என்னைக் கேட்டால், முதல்முறை செய்பவர் 5/6 நெஃப்ரெக்டமியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து எலியில் கையைப் பழக்கிக்கொண்டு, அந்தப் பத்தையும் அனுமதிப் படிவத்தில் கணக்கில் காட்டுங்கள்.

அனுமதி

1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், முன்பு சிபிசிஎஸ்இஏ என்றும் இப்போது சிசிஎஸ்இஏ என்றும் அழைக்கப்படும், விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் அரசுக் குழுவிடம் உங்கள் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். உங்கள் திட்டம் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு 'பாரம் பி' வழியாகப் போகும். குழுவில் கால்நடை மருத்துவர் ஒருவரும், ஆய்வுத்துறை சாராத சமூக அக்கறையுள்ள ஒருவரும் இருப்பார்கள். பின்னவர் கேட்கும் கேள்விதான் கடினமானது: "இதை எலி இல்லாமல் பார்க்க முடியாதா?" ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் சொன்ன மாற்று, குறைப்பு, செம்மை என்ற மூன்றையும் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டாம். இரண்டு உறுப்புகள் ரத்தத்தின் வழியே பேசிக்கொள்வதைத் தட்டில் வளர்த்த செல்களில் ஏன் முழுதாகக் காண முடியாது என்று தமிழில் இரண்டு நிமிடம் விளக்குங்கள். தமிழில் விளக்க வராவிட்டால் உங்களுக்கே அது தெளிவாகவில்லை.

நம்ம ஊர் வெயில், தண்ணீர், சத்தம்

வெளிநாட்டுக் கட்டுரைகளில் இந்தப் பகுதி இருக்காது. இருந்தாலும் நமக்கு உதவாது.

அனிமல் ஹவுஸ் 18 முதல் 29 டிகிரிக்குள், ஈரப்பதம் 30 முதல் 70%க்குள் இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டை எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஏசி இரண்டு மணி நேரம் நின்றால் எலி தண்ணீரை அதிகம் குடிக்கும், உடல் நீர் வற்றும், யூரியா ஏறும். நீங்கள் அதை நோய் என்றோ, மருந்தின் தீமை என்றோ எழுதிவைப்பீர்கள். அதனால் அறுவையை ஆவணி, புரட்டாசிக்குத் தள்ள முடிந்தால் தள்ளுங்கள். அடுத்து ஐப்பசி, கார்த்திகை மழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் நெல்லையும் தூத்துக்குடியும் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள், தரைத்தளத்தில் கூண்டு வைக்க மாட்டார்கள். ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை நீங்களே போய்ப் பாருங்கள். "இருக்கு" என்ற பதிலை நம்பாதீர்கள், மூடியைத் திறந்து பாருங்கள்.

தண்ணீர் இன்னும் முக்கியம். ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் அது, வராத நாளில் ஆழ்குழாய்த் தண்ணீர் என்று வீட்டில் நாம் சமாளிக்கிற மாதிரி அனிமல் ஹவுஸிலும் சமாளிப்பார்கள். இந்த மாவட்டத்தில் ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு தெருவுக்குத் தெரு மாறும். உப்பை வெளியேற்ற முடியாத எலிக்கு உப்புத் தண்ணீர் மாறி மாறிக் கொடுத்துவிட்டு ரத்த அழுத்தம் அளந்தால் அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு? தொடக்கம் முதல் முடிவு வரை ஆர்.ஓ. தண்ணீர் ஒன்றே. தீவனமும் ஒரே தயாரிப்புத் தொகுதியாக மொத்தமாக வாங்குங்கள். புரதம் கூடினால் மிச்சமிருக்கும் சிறுநீரகத் துண்டு வேகமாகக் கெடும். கூண்டில் விரிக்கும் உமியைச் சுத்திகரித்துப் போடுங்கள்.

சத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டைத் தசராவில் சப்பரங்கள் வரும் இரவு, மேளமும் வேட்டும் முடிந்த மறுநாள் காலையில் வால் கஃப் (எலியின் வாலில் சுற்றும் பட்டை) வைத்து அளந்த ரத்த அழுத்தங்களை நான் ஒருமுறை முழுவதும் தள்ளிவைத்தேன். ஒரு குழு விடாமல் எல்லா எலியும் எகிறியிருந்தது. ஆய்வு அட்டவணை போடும்போது கோயில் காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது வேடிக்கையல்ல.

வெளியூரிலிருந்து எலிகள் வந்தால் இரவுப் பயணமாக வரச் சொல்லுங்கள். வந்தபின் குறைந்தது ஒரு வாரம் சும்மா விடுங்கள். அந்த வாரத்தில் தினமும் கையில் எடுத்துப் பழக்கினால் பின்னால் பாதி வேலை மிச்சம்.

அறுவையும் வலியும்

வலிநிவாரணிதான் இந்தத் தலைப்பில் புதியவர்கள் வழுக்கும் இடம். கையில் கிடைக்கிறதே என்று மெலோக்சிகாம், டைக்ளோஃபெனாக் போட்டுவிடுவார்கள். அந்த வகை மருந்துகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை. மிச்சமிருக்கும் சிறுநீரகத் துண்டோடு போராடும் எலிக்கு அதைப் போட்டால் நீங்கள் உண்டாக்கிய நோயோடு இன்னொரு நோயைச் சேர்க்கிறீர்கள். வலி நிவாரணமே கொடுக்காமல் விடுவது அதைவிட மோசம், அனுமதியும் கிடைக்காது. புப்ரெனார்ஃபின் நல்ல தேர்வு. வாங்கக் கட்டுப்பாடு உண்டு என்பதால் காகித வேலையை மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். மயக்க மருந்தான கெட்டமினுக்கும் அப்படித்தான்.

போலி அறுவைக் குழுவுக்கும் அதே மயக்கம், அதே கீறல், அதே வலி ஊசி. சிறுநீரகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிடுவதுதான் வித்தியாசம்.

எந்த நிலையில் ஒரு எலியை ஆய்விலிருந்து விடுவித்து வலியின்றி முடிப்பது என்பதை அறுவைக்கு முன்பே எழுதிவையுங்கள். எடை 20% குறைவது பொதுவாக வைக்கப்படும் எல்லை. மூச்சு இழுப்பது, முதுகு கூனி ஒடுங்கி உட்காருவது, ரோமம் சிலிர்த்தே நிற்பது, கண்ணைச் சுற்றிச் சிவப்பாக ஒட்டியிருப்பது எல்லாம் அடையாளங்கள். அந்தச் சிவப்பு ரத்தம் அல்ல, துன்பத்தில் கண் சுரக்கும் நிறமி. எங்கள் அனிமல் ஹவுஸில் இருந்த அண்ணாச்சி எடைக் கணக்கு எதுவும் பார்க்க மாட்டார். காலையில் கூண்டுகளைக் கடந்து போகும்போதே, "ஏம்மா, அந்த மூணாம் நம்பர் இன்னைக்கு ஒரு மாதிரி இருக்கு, பாத்துக்கிடுங்க" என்பார். தராசு அதை மறுநாள்தான் சொல்லும். கூண்டு கழுவுபவரிடம் தினமும் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

மருந்தை என்றைக்குத் தொடங்குவது

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

என் முதல் ஆய்வில் அறுவைக்கு மறுநாளே மருந்தைத் தொடங்கினேன். எட்டு வாரம் கழித்து முடிவுகள் திருநெல்வேலி அல்வா மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தன. இதயம் தடிக்கவில்லை, நார்த்திசு இல்லை, கிரியேட்டினின் (சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் தேங்கும் கழிவு) அழகாகக் குறைவு. வாய்மொழித் தேர்வில் ஒரு மூத்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உன் நோயாளி, கிட்னி கெட்ட மறுநாள் காலையிலயா ஆஸ்பத்திரிக்கு வருவாரு?" எனக்குப் பதில் இல்லை. நான் செய்தது தடுப்பு; சிகிச்சை அல்ல.

நிஜத்தில் நோயாளி கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, இரண்டு தலையணை வைத்துத் தூங்கும் கட்டத்தில் வருகிறார். அப்போது இரண்டு உறுப்பும் ஏற்கெனவே சோர்ந்திருக்கும். ஆகவே அறுவைக்குப் பின் நான்கு வாரமாவது பொறுங்கள். எக்கோவில் இதயமும், ரத்தத்திலும் சிறுநீரிலும் சிறுநீரகமும் கெட்டிருப்பதை எண்ணாகக் காட்டுங்கள். எந்த எண்ணைத் தாண்டினால் "நோயுள்ள எலி" என்று சேர்ப்பது என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள். அதன் பிறகே குலுக்கல் முறையில் குழு பிரியுங்கள். அறுவைக்கு முன்பே குழு பிரித்துவிட்டால், கைப்பழக்கம் கூடக் கூட அறுவையும் மாறும்; கடைசியில் அறுத்தவை எல்லாம் ஒரே குழுவில் மாட்டும்.

எலியில் கண்டது மனிதருக்கும் வந்துசேரும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1985இல் ஃபெஃபர், பிரௌன்வால்ட் குழு, மாரடைப்பு வந்த எலிகளுக்குக் காப்டோபிரில் என்ற ரத்த அழுத்த மருந்தை நீண்ட நாள் கொடுத்து, இதயம் ஊதிப் பெருப்பது குறைவதைக் காட்டியது. 1992இல் சேவ் என்ற பெரிய மனித ஆய்வில் அதே மருந்து உயிரிழப்பைக் குறைத்தது. சிறுநீரகத் துண்டு மட்டும் மிஞ்சிய எலிகளில் பிரென்னர் குழு 1980களில் கண்டதுதான், இந்த வகை மருந்துகள் சிறுநீரக நோய்க்கும் வந்துசேர வழி திறந்தது. மறுபக்கமும் உண்டு. ரோலோஃபிலின் என்ற மருந்து சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தைக் காக்கும் என்று கணக்கு சரியாகத்தான் இருந்தது. 2,033 நோயாளிகளில் நடந்து 2010இல் வெளிவந்த புரொடெக்ட் ஆய்வில் பலன் இல்லை.

குழுக்கள், எண்ணிக்கை, அளவு

நோயாளி சும்மா வரமாட்டார், காப்டோபிரில் வகையைச் சேர்ந்த எனலாபிரில் போன்ற ஒன்றை விழுங்கிக்கொண்டுதான் வருவார். ஆகவே போலி அறுவை, நோய் மட்டும், நோயும் எனலாபிரிலும், நோயும் உங்கள் மருந்தும் என்ற நான்கோடு, நோய்க்கு எனலாபிரிலும் உங்கள் மருந்தும் சேர்ந்த ஐந்தாவது குழுவையும் வையுங்கள். அந்த ஐந்தாவதுதான் மதிப்புள்ளது. பணம் குறைவென்றால் உங்கள் மருந்தின் இரண்டாவது அளவை விட்டுவிடுங்கள், இதை விடாதீர்கள்.

"குழுவுக்கு ஆறு" என்பது பழக்கம்; அதற்குக் காரணம் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். எளிய கணக்கு ஒன்று: எலிக்கு எலி உள்ள சிதறலை (திட்டவிலக்கம்), நீங்கள் காண விரும்பும் வித்தியாசத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, 16ஆல் பெருக்குங்கள். இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் ரத்த விகிதத்தில் சிதறல் 6, வித்தியாசம் 8 என்றால் 36ஐ 64ஆல் வகுத்து 16ஆல் பெருக்க 9 வரும். 30% எலிகள் இறக்கலாம் என்றால் 9ஐ 0.7ஆல் வகுக்க, குழுவுக்கு 13. சிதறல் எண்ணை உங்கள் கையால் செய்த பயிற்சி எலிகளிலிருந்து எடுங்கள். வேறொருவர் கட்டுரையிலிருந்து எடுத்தால் அது அவருடைய கை. ஆணும் பெண்ணும் சேருங்கள். பெண் எலியின் சிறுநீரகம் மெதுவாகக் கெடும் என்பதற்காக அதை விலக்கினால், ஆஸ்பத்திரி வார்டில் பாதிப் பேரை விலக்கியதாக ஆகும்.

மருந்தின் அளவுக்கு உடல் பரப்புக் கணக்கு. மனிதருக்குக் கிலோவுக்கு எவ்வளவோ அதை எலிக்கு 6.2ஆல், சுண்டெலிக்கு 12.3ஆல் பெருக்க வேண்டும். சர்க்கரை நோய் மருந்தான டாபாகிளிஃப்ளோசின் தினம் 10 மி.கி., ஆள் 60 கிலோ என்றால் கிலோவுக்கு 0.167, எலிக்குக் கிலோவுக்குச் சுமார் 1 மி.கி. இது தொடக்கப்புள்ளிதான். சிறுநீரகம் வழியே வெளியேறும் மருந்து என்றால் நோயுள்ள எலியின் ரத்தத்தில் அது தேங்கும். ஆரோக்கியமான எலியில் பாதுகாப்பாக இருந்த அளவு இங்கே விஷமாகலாம். வாய்வழியாகக் கிலோவுக்கு 10 மில்லியைத் தாண்ட வேண்டாம்.

மருந்துப் பாட்டில்களுக்கு வேறொருவர் குறியீடு ஒட்டட்டும். கொடுப்பவருக்கும் அளப்பவருக்கும் குழு தெரியக்கூடாது. இதிலும் ஒரு சங்கடம். டாபாகிளிஃப்ளோசின் வகை, சர்க்கரையைச் சிறுநீரில் கொட்டச் செய்வது. அந்தக் கூண்டுகளில் உமி ஈரமாகி நாறும்; கூண்டு கழுவுபவருக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிடும். அளவீடு செய்பவரை அனிமல் ஹவுஸுக்குள் விடாமல் வைப்பதுதான் வழி.

மூலிகை எடுத்துக்கொள்பவர்களுக்கு

ஆற்றங்கரை முழுக்க மருத மரம், பாளையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி. இந்த ஊரில் மருதம்பட்டையையும் மூக்கிரட்டையையும் நெருஞ்சிலையும் யாராவது எடுக்காமல் இருக்க முடியாது. எடுங்கள். ஆனால் சாற்றில் பொட்டாசியம் எவ்வளவு என்று முதலில் அளந்துவிடுங்கள். மூக்கிரட்டை பொட்டாசிய உப்புகள் மிகுந்தது. நல்ல சிறுநீரகத்துக்கு அது நீரிறக்கி. செத்துக்கொண்டிருக்கும் சிறுநீரகத்துக்கு, அதுவும் எனலாபிரில் கூடவே போகும்போது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகலாம். செடியைத் தாவரவியலாளரிடம் காட்டி அடையாளச் சான்றும், உலர்மாதிரியும் வைத்துக்கொள்வது கட்டாயம். நாட்டுமருந்துக் கடையில் கட்டாக வாங்கியது எந்தச் செடி என்று கடைக்காரருக்கே சில சமயம் சந்தேகம்.

அளப்பது

எப்போதும் இரண்டு உறுப்பையும் சேர்த்தே அளங்கள். இதயத்துக்கு நல்லது செய்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து, ஒன்றை மட்டும் பார்த்தவருக்கு வெற்றியாகத் தெரியும்.

கிரியேட்டினினை ஜாஃபே என்ற பழைய நிறமாற்ற முறையில் பார்க்கும் லேப்தான் நம் ஊரில் அதிகம். எலி ரத்தத்தில் கிரியேட்டினின் அல்லாத வேறு பொருட்களும் அதில் நிறம் தரும், சர்க்கரையும் குழப்பும். சிறுநீரில் சர்க்கரை கொட்டும் மருந்தைச் சோதிப்பவர் சிறுநீர்க் கிரியேட்டினினை ஜாஃபேயில் பார்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது. என்சைம் முறைக்குப் பணம் ஒதுக்குங்கள். மனிதருக்கான என்டி-புரோபிஎன்பி (இதயம் சோர்ந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம்) கிட்டை எலி ரத்தத்தில் போட்டு, "வித்தியாசமில்லை" என்று எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த கிட்டுக்கு எலியின் புரதம் தெரியாது. எலிக்கென்று உள்ளதை வாங்க வேண்டும்.

எனலாபிரில், டாபாகிளிஃப்ளோசின் வகைகளைத் தொடங்கிய முதல் நாட்களில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறலாம். சிறுநீரக வடிகட்டியின் உள்ளழுத்தம் குறைந்ததன் அடையாளம் அது. ஒரே ஒரு நாள் ரத்தம் எடுத்து முடிவு கட்டாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்துப் போக்கை எழுதுங்கள். எடுக்கும் ரத்தத்துக்கும் வரம்பு உண்டு. 250 கிராம் எலியின் உடலில் மொத்தமே சுமார் 16 மில்லி. ஒரு தடவைக்கு அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். ஏற்கெனவே ரத்தசோகை உள்ள எலி என்றால் இன்னும் குறையுங்கள்.

பொட்டாசியத்துக்கு என் அனுபவம் ஒன்று. மே மாதத்தில் மாதிரிகளைப் பையில் வைத்து, டூவீலரில் வண்ணார்பேட்டை சிக்னல்களில் நின்று நின்று லேபுக்குக் கொண்டுபோனேன். சிவப்பணுக்கள் உடைந்து, எல்லாக் குழுவிலும் பொட்டாசியம் வானத்தில் இருந்தது. ஒரு மாத வேலை போயிற்று. அனிமல் ஹவுஸிலேயே சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, சீரத்தைப் பிரித்த பிறகு ஐஸில் அனுப்புங்கள். சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் அந்த மாதிரியில் பொட்டாசியம் பார்க்கவே வேண்டாம்.

எக்கோ எடுக்கும்போது மயக்க மருந்தைக் கவனியுங்கள். எலியின் இதயம் நிமிடத்துக்கு 300க்கு மேல் துடிப்பது. கெட்டமின், சைலசின் கலவை அதை இழுத்துப் பிடிக்கும். ஐசோஃப்ளூரேன் இருந்தால் அதுவே மேல். துடிப்பு வேகம் ஒத்திருக்கும் நிலையில்தான் எலிகளை ஒப்பிட வேண்டும், ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் வேகத்தையும் எழுத வேண்டும்.

இறந்த எலிகளை அட்டவணையிலிருந்து சத்தமில்லாமல் நீக்கும் பழக்கம் உண்டு. நோய்க்குழுவில் மோசமானவை செத்துப்போய், மிஞ்சியவை திடமானவையாக இருக்கும். மருந்துக் குழுவிலோ மருந்தின் புண்ணியத்தில் மோசமானவையும் உயிரோடு இருக்கும். சராசரி எடுத்தால் மருந்து கெடுத்தது போலத் தெரியும். ஆகவே உயிர்பிழைப்பு வரைபடத்தை முதலில் போடுங்கள், எக்கோ எண்கள் அதற்குக் கீழே வரட்டும். ஒரு எலியின் பத்து ஸ்லைடை எண்ணி "பத்து" என்று கணக்கில் போடுவதும் கூடாது. அது ஒரு எலிதான்.

கடைசி நாள்

எலியை விதிப்படி வலியின்றி முடித்த பிறகு இதயத்தை எடை போட்டு, உடல் எடையால் வகுக்காதீர்கள். சிறுநீரக நோயில் எலியே மெலிந்திருக்கும், இதயம் பெருத்தது போலப் பொய் சொல்லும். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் (டிபியா) நீளத்தால் வகுங்கள். நுரையீரலை ஈரமாகவும், உலர்த்திய பிறகும் எடை போட்டால் நீர் கோத்திருந்ததா என்று தெரியும், பைசா செலவில்லை. இதயத்தின் நடுத்துண்டும் சிறுநீரகத்தில் பாதியும் ஃபார்மலினுக்கு. நார்த்திசுவுக்கு மேசன் சாயம் அல்லது சிரியஸ் ரெட். சடலமும் திசுக் கழிவும் மஞ்சள் பைக்கு.

மிச்சத் திசுவை உடனே திரவ நைட்ரஜனில் உறைய வையுங்கள். நைட்ரஜன் எங்கே கிடைக்கும் என்று திகைப்பவர்களுக்கு: மாடுகளுக்குச் சினை ஊசி போடுபவர்கள் கேனில் வைத்திருப்பது அதுதான். கால்நடைத் துறைக்காரர்களிடமும், ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் வழி கேட்டால் ஏதாவது ஏற்பாடு தெரியவரும். ஒவ்வொரு குப்பியிலும் எலி எண், உறுப்பு, தேதி. குழுவின் பெயர் வேண்டாம், குறியீடு போதும். பேனா மை உறைபனியில் அழியும், பென்சிலால் எழுதி மேலே டேப் ஒட்டுங்கள். மைனஸ் 80 ஃபிரீசரில் எந்தத் தட்டு என்பதை உங்கள் நோட்டில் மட்டுமல்ல, ஃபிரீசர் கதவிலும் எழுதுங்கள். அடுத்த வருடம் இதே தலைப்போடு வரும் பிள்ளை புதிதாக அறுக்காமல், அதிலிருந்தே ஒரு துண்டு எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும். அந்த ஃபிரீசரும் ஜெனரேட்டர் லைனில்தான் இருக்கிறதா என்று இன்றைக்கே ஒயர்மேனிடம் கேட்டுவிடுங்கள்.